மொட்டை மாடி வெளிச்சம்: மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையின் தூக்கத்தை நேரத்துக்குக் கொண்டுவருவது எப்படி

"ராத்திரி மூணு மணிக்குத்தான் கண்ணு சொக்குது" என்கிறான் பிள்ளை. "மணி பதினொண்ணாச்சு, இன்னும் எந்திரிக்கலையா? வெள்ளன எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாப் போகும்" என்கிறார் அப்பா. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். காலை வெளிச்சம் மனச்சோர்வுக்கும் கெட்டுப்போன தூக்கத்துக்கும் கைகொடுக்கும். ஆனால் அது எந்த மணிக்குக் கண்ணில் பட வேண்டும் என்பதில்தான் காரியம் இருக்கிறது. நேரம் தப்பினால் மூன்று மணிக்கு வரும் தூக்கம் நான்கு மணிக்குத் தள்ளிப்போகும்.

ஏன் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பார்ப்பதற்கான செல்களைத் தவிர, சுற்றிலும் வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் தனிவகைச் செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி உள்ள இந்தச் செல்கள் வெளிச்சத்தைத் தாமே உணர்கின்றன என்பது 2002-இல் தெளிவானது. 480 நானோமீட்டர் அளவிலுள்ள நீல வெளிச்சம் இவற்றை அதிகம் எழுப்பும். இவை செய்தி அனுப்பும் இடம், மூளையின் அடியில் இருக்கும் நம் உடல் கடிகாரம். தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், உடல் எப்போது குளிர வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கடிகாரம்தான் நடத்துகிறது. ஆக, வேலை நடப்பது கண் வழியாக. முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்து செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பலன் குறைவு. வைட்டமின் டி வேறு கதை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பருவ வயதில் இந்தக் கடிகாரம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயற்கையாகவே பின்னால் ஓடும். மனச்சோர்வு வந்த பிள்ளை பகலில் அறையை விட்டு வெளியே வருவதில்லை, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது என்றே தெரியாமல் போகிறது. தயவுசெய்து இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள்.

இந்த வெளிச்சச் சிகிச்சை குளிர்நாட்டில் பிறந்தது. குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் கூட இருந்தவர்களும் விவரித்து, வெளிச்சத்தால் அது குறைவதையும் காட்டினார்கள். நம் மதுரையில் பகலின் நீளம் ஆண்டு முழுக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மாறும். சூரியன் எழுவதும் 5:55-க்கும் 6:40-க்கும் இடையில்தான். அதனால் இது நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். 2016-இல் ரேமண்ட் லாம் குழுவினர் கனடாவில், பருவகாலத்தோடு சம்பந்தமில்லாத மனச்சோர்வு உள்ள 122 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். எல்லோரும் 19 முதல் 60 வயதுக்காரர்கள். தினமும் காலையில் எழுந்ததும் 30 நிமிடம் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் பெற்றவர்களுக்குப் பலன் இருந்தது. அதோடு புளுவாக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் எடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாக இருந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: வெளிச்சத்தை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வெளிச்சத்தை நம்பி நிறுத்தக் கூடாது.

தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டியது இருதுருவ நோய் பற்றி. பைபோலார் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மீறிப் பேசிக்கொண்டு, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்துக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு சில நாட்கள் தொடர்ந்து இருந்தது உண்டா? அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை யாருக்காவது அப்படி இருந்ததா? இருந்தால் காலை வெளிச்சச் சிகிச்சையை வீட்டில் தாமாகத் தொடங்கவே கூடாது. அது மனநிலையை எதிர்த் துருவத்துக்குத் தூக்கிவிடக்கூடும். அவர்களுக்கு டாக்டர்கள் மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு, நண்பகல் வாக்கில், குறைந்த நேரத்தில் தொடங்குவார்கள். சிறு வயதில் வரும் மனச்சோர்வு சிலருக்குப் பின்னால் இருதுருவ நோயாக வெளிப்படுவது உண்டு என்பதால், இந்தக் கேள்வியை யாருக்கும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மருந்துப் பட்டியல். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாய்ன், வெண்புள்ளிக்கு சொராலென், மனநலத்துக்கு குளோர்புரோமசின் போன்றவை உடலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். முகப்பரு மாத்திரையை இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமலே சாப்பிடுவார்கள், கேட்டால்தான் தெரியும். விழித்திரையில் கோளாறு, சர்க்கரை நோய், கண்ணில் அறுவைச் சிகிச்சை, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), ஒற்றைத் தலைவலி, வலிப்பு இவற்றில் ஏதாவது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண் பரிசோதனைக்கு மதுரைக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். மனநலத்துக்கு அரசு இராஜாஜி மருத்துவமனையிலேயே தனிப் பிரிவு இருக்கிறது.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ எழுதிவைத்திருந்தாலோ வெளிச்சம், நேரம், கணக்கு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக விடாதீர்கள். வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு வாரம் எழுதிவையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படுத்த நேரம், தூங்கிப்போன நேரம் (தோராயமாக), விழித்த நேரம், அலாரம் வைத்தா தானாகவா, பகலில் தூங்கியது எவ்வளவு, கடைசியாக காபி அல்லது டீ குடித்தது எப்போது, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. இவ்வளவுதான். பிள்ளையே எழுத வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று வேவு பார்த்து எழுதினால் மூன்றாம் நாள் நோட்டு காணாமல் போகும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "செவ்வாய். படுத்தது 12:30. தூங்கினது 3 இருக்கும். அம்மா எழுப்பினது 8, திரும்பப் படுத்தேன். எந்திரிச்சது 11:15. மத்தியானம் தூக்கம் 3லிருந்து 5. கடைசி டீ 9:30, கடையில். மனசு 3."

இதில் நமக்கு வேண்டிய எண், யாரும் எழுப்பாமல் தானாக விழித்த நேரம். ஏழு நாளில் அப்படி விழித்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுங்கள். 11 மணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

எந்த மணிக்குத் தொடங்குவது

தானாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடலின் சூடு ஒரு நாளின் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த அடிமட்டத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அதற்கு முன்னால் பட்டால் பின்னால் தள்ளும். 11 மணிக்கு விழிக்கும் பிள்ளைக்கு அடிமட்டம் 8 மணியிலிருந்து 9 மணிக்குள் இருக்கும். அவனைப் பிரம்ம முகூர்த்தத்தில் தட்டி எழுப்பி, விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்ற வைத்தால், அவன் உடலுக்கு அது நள்ளிரவில் அடித்த வெளிச்சம். அன்று ராத்திரி இன்னும் பிந்தித் தூங்குவான். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம், மூன்றாவது நாள் எல்லோரும் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் எழுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து தொடங்க முடியாது.

ஆகவே முதல் இரண்டு நாள் 11 மணிக்கே வெளிச்சம். அதற்கடுத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள்: 10:30, 10:00, 9:30. எழும் நேரத்தையும் வெளிச்ச நேரத்தையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். 11-இலிருந்து 6:30-க்கு வர ஒன்பது நகர்வு, பதினெட்டு நாள். வேகம் தாங்காமல் பகலெல்லாம் தூங்கிவழிந்தால் அரை மணியைக் கால் மணியாக்குங்கள், மாதம் ஒன்றேகால் ஆகும், பரவாயில்லை. படுக்கும் நேரத்தை வலிந்து முன்னால் இழுக்க வேண்டாம். எழுவது முன்னால் வந்தால் தூக்கம் சில நாளில் தானாகப் பின்தொடரும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம், அதற்கு மேற்பட்ட இளைஞருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். நகர்த்துகிறேன் என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

எதிர்மாறான பிள்ளைகளும் உண்டு. இரவு பத்துக்கே தூங்கி, மூன்று மணிக்கு விழித்து, மனம் கனத்துக் கிடப்பவர்கள். அவர்களுக்கு விழித்ததும் வெளிச்சம் காட்டினால் விழிப்பு இன்னும் முன்னால் போகும். விடியும்வரை இருட்டிலேயே இருந்துவிட்டு, வெளிச்சத்தைச் சாவகாசமாக ஒன்பது பத்து மணிக்கு எடுப்பதே மேல். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

விளக்கு வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, திரை வெளியே பார்க்கும்படி கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த எண் மிகத் துல்லியம் அல்ல, ஆனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டின் நடு அறையில் டியூப்லைட் போட்டால்கூட 100, 150 காட்டும். தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் ஆயிரத்தை ஒட்டி வரும், இரண்டு எட்டு உள்ளே வந்தால் சில நூறாக விழும். மொட்டை மாடிக்கு ஏறுங்கள். எட்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று வானத்தைப் பார்த்தபடி பிடித்தால் பத்தாயிரத்தை நெருங்கும் அல்லது தாண்டும். மேகம் மூடிய ஐப்பசி நாளில்கூட வெளியில் சில ஆயிரம் இருக்கும். நம் கண்ணுக்கு அறையும் மாடியும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும், கடிகாரத்துக்கு அவை நூறு மடங்கு வேறு.

அளவு இதுதான்: 10,000 லக்ஸ் என்றால் அரை மணி, 5,000 என்றால் ஒரு மணி, 2,500 என்றால் இரண்டு மணி. சூரியன் எழுந்த உடனே அவ்வளவு வெளிச்சம் இருக்காது. எழுவது 6:30-க்கு வந்துவிட்டாலும், சூரியன் எழுந்து முக்கால் மணி போகட்டும். தை மாதத்தில் 7:30, ஆனி மாதத்தில் 6:45 சரியாக இருக்கும்.

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, அது விழித்திரையைச் சுட்டுவிடும். வேண்டியது திறந்த வானம். நாற்காலியைப் போட்டு, சூரியன் ஒரு பக்கமாக இருக்கும்படி உட்கார்ந்து, இட்லி சாப்பிடலாம், பேப்பர் படிக்கலாம், பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாம். முகம் வானத்தைப் பார்த்திருக்கட்டும். தொப்பி, கூலிங் கிளாஸ் வேண்டாம். சாதாரண மூக்குக்கண்ணாடி இருக்கலாம், ஆனால் வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் என்றால் கழற்றிவிடுங்கள். மாடிக்கு ஏறவே மனம் வராத நாளில் படியில், திண்ணையில், வாசலில் உட்கார்ந்தால் போதும். அரை மணிக்குப் பதில் ஒரு மணி. வீட்டில் ஒருவர் தானும் ஒரு டம்ளரோடு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவது, பத்து முறை "எந்திரி" என்று சொல்வதைவிட வேலை செய்யும்.

முதல் வாரம் 11 மணி, 10 மணி வெயில் என்பது பங்குனி, சித்திரையில் தாங்காது. அப்போது வேப்பமர நிழல், கூரை போட்ட வராந்தா, மாடிப்படி முகப்பு. நிழலிலும் ஐந்தாயிரம் சுலபமாகக் கிடைக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும். மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்கு உடலில் நீர் வற்றக் கூடாது, வியர்க்க வியர்க்க உட்கார வைக்காதீர்கள்.

விளக்கு தேவைப்படுவது சிலருக்குத்தான்: மாடி பூட்டியிருக்கும் விடுதியில் இருப்பவர்கள், ஐந்தரை மணிக்கே கிளம்ப வேண்டியவர்கள், வெளியே வரவே பயப்படுபவர்கள். வாங்கும்போது பெட்டியில் "10,000 லக்ஸ்" என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று பாருங்கள். கையகலப் பலகை 10,000 தருவது பெரும்பாலும் 15 செ.மீ. தூரத்தில். முகத்தைக் கொண்டுபோய் ஒட்டவைத்து அரை மணி எவரும் உட்கார மாட்டார்கள். 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்துக்குக் குறையாத பலகை நல்லது. வெள்ளை வெளிச்சம் போதும், நீல விளக்கு வேண்டாம். புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, சற்றே பக்கவாட்டில், கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, சொன்ன தூரத்தை ஸ்கேலால் அளந்து நாற்காலி காலுக்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக்கூடக் குறையும். பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் முதலில் அந்தக் கோட்டைத்தான் சரிபார்க்க வேண்டும்.

எல்இடி டியூப்களை வரிசையாகக் கட்டி வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பார்கள். 20 வாட் டியூப் ஒன்றை ஒரு அடி தூரத்தில் வைத்தால் 2,000 லக்ஸ் அளவில்தான் வரும். நாலைந்து டியூப், மறைப்பில்லாத கூச்சம், கைக்கெட்டும் தூரத்தில் வயரிங். வேண்டாம்.

ராத்திரி

காலையில் சேர்த்ததை ராத்திரியில் இறைத்துவிடக் கூடாது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் மெலட்டோனின் எழத் தொடங்கும். அப்போது அறையின் டியூப்லைட்டை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கை இடுப்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். செல்போனை மட்டும் எல்லோரும் திட்டுகிறார்கள். அதன் திரையிலிருந்து கண்ணுக்கு வருவது சில பத்து லக்ஸ்தான், தலைக்கு மேல் எரியும் டியூப்லைட் அதைவிட அதிகம். போனின் கேடு, அது தூக்கத்தைத் தள்ளிப்போட வைப்பதில் இருக்கிறது. கூடத்தில் சார்ஜ் போடுங்கள். வீட்டில் எல்லோருடைய போனும் அங்கே இருந்தால்தான் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியாது.

இது தூங்காநகரம். பதினொரு மணிக்கு நண்பர்களோடு பரோட்டா, பிறகு ஒரு டீ என்பது இங்கே சாதாரணம். காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். மதியம் மூன்றுக்கு மேல் வேண்டாம். நண்பர்களை விட்டுவிடச் சொல்லாதீர்கள், மனச்சோர்வில் அவர்கள் பெரிய துணை. சந்திப்பதை மாலை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். பகல் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணிக்குள்.

கோளாறு வரும் இடங்கள்

முதல் சில நாள் தலைவலி, கண்கூச்சம், லேசான குமட்டல் வரலாம். நேரத்தைப் பாதியாக்கி, நான்கு நாளில் மெல்ல ஏற்றினால் அடங்கும். அடங்காவிட்டால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்து திரும்பத் தூங்க முடியவில்லை என்றால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். வெளிச்சத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துங்கள்.

திடீரென்று தூக்கமே வேண்டாம் என்கிறான், பேச்சு ஓயவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறான். பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டில் சந்தோஷப்படும் நேரம் இதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்: அன்றைக்கே வெளிச்சத்தை நிறுத்தி, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எந்த எண்ணும் அசையவில்லை என்றால், முதலில் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஆறு நாள் 8 மணிக்கு எழுந்துவிட்டு ஏழாம் நாள் 11 வரை தூங்கினால் நகர்ந்ததில் பெரும்பகுதி திரும்பிப் போகும். விடுமுறையில் அரை மணி, முக்கால் மணி சலுகை போதும். அதுவும் சரியாக இருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டு, இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சடைப்பு, மாத்திரை எடுக்கும் நேரம் இவற்றை அவர் பார்ப்பார். சில மாத்திரைகளை இரவிலிருந்து காலைக்கு மாற்றுவதே பெரிய வித்தியாசம் தரும், ஆனால் அதை அவர்தான் மாற்ற வேண்டும்.

எழும் நேரம் நிலைத்த பிறகும் எட்டு வாரம்வரை நாள் தவறாமல் தொடருங்கள். பிறகு விளக்குக்காரர்கள் டாக்டரைக் கேட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாடிக்காரர்கள் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த அரை மணி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரி ஊரே விழித்திருக்கும், பிள்ளையும் போகட்டும். விடிந்து வந்து தூங்கினால் பத்து, பத்தரைக்கு எழுப்பிவிட்டு அப்போதே மாடி நிழலில் உட்கார வையுங்கள். மறுநாள் ஒன்பது, அதற்கடுத்த நாள் எட்டு. மூன்று நான்கு நாளில் பழைய நேரத்துக்கு வந்துவிடுவான்.